பூ விழாத கரட்டில் ஒரு வீடு

மொட்டைக்கரட்டின் மேற்குச் சரிவில் பனி கொட்ட ஆரம்பித்தது ஒரு சித்திரை மாதத்து உச்சிவெயிலில்தான் என்பதை அந்த ஊரில் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், ஏன் கொட்டியது என்று மட்டும் யாரிடமும் கேட்கக் கூடாது, கேட்டால், "மழை ஏன் பெய்யலைன்னு இத்தனை வருசமாக் கேட்டமே, அதுக்கு மட்டும் ஆராச்சும் பதில் சொன்னாங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். காங்கேயத்துக்குத் தெற்கே, தென்னந்தோப்பும் வெள்வேல மரமும் மாறிமாறி வரும் வறண்ட சீமையில் சின்னப் பாறைக்குன்றாக அந்தக் கரடு நிற்கிறது. அதன் கிழக்குச் சரிவில் எப்போதும் போல ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருக்க, மேற்குச் சரிவில் மட்டும், உச்சியிலிருக்கும் கரட்டாத்தா கோயில் வாசலில் தொடங்கி அடிவாரம் வரைக்கும், வெள்ளாவி வைத்த வேட்டியை விரித்தது மாதிரி பனி கிடந்தது. ஒரு நாள் கிடந்து போய்விடும் என்றார்கள். அது போகவில்லை.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. முதலில் எருமைகளை ஓட்டிப்போய் விட்டுப் பார்த்தார்கள். எருமைகள் அதில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றன. மல்லிகைப்பூ வியாபாரிகள் கூடை கூடையாகப் புதைத்து வைத்து, முகூர்த்த நாளன்று தோண்டி எடுத்து, இன்று பறித்த பூ என்று சத்தியம் செய்து விற்றார்கள். அந்த நிலத்தை நஞ்சை என்று எழுதுவதா புஞ்சை என்று எழுதுவதா என்று பார்க்க வந்த அதிகாரி, காலை நனைத்துக்கொண்டு, "தண்ணிதானே, நஞ்சை" என்றார். அவருக்கு அப்புறம் வந்த அதிகாரி, "இதில் என்ன விளைகிறது, புஞ்சை" என்றார். ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்கும் தலையாட்டி, பனியில் புதைத்த இளநீரை வெட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் வந்தது, அதைக் காதுக்கும் காலுக்கும் சுற்றிக்கொண்டு, மடித்துக் கட்டிய வேட்டியோடு ஆட்கள் சாவகாசமாக நடமாடினார்கள். வெயிலைத் திட்டிக்கொண்டே காலம் தள்ளியவர்களுக்கு இப்போது மேற்கே போனால் குளிரையும் கிழக்கே வந்தால் வெக்கையையும் திட்டலாம் என்று ஆகிவிட்டதால், பேச்சுக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று.

சறுக்குவதை யார் கண்டுபிடித்தார்கள் என்பதில் சண்டை இருக்கிறது. உரச்சாக்கில் உட்கார்ந்து சறுக்கினார்கள், அண்டாவில் உட்கார்ந்து சறுக்கினார்கள், கடைசியில் தென்னம்பாளையில் வந்து நிலைத்தார்கள். நன்றாகக் காய்ந்த, முனை மேலே வளைந்த பாளையாக இரண்டு பார்த்து எடுத்து, காலுக்கு ஒன்றாகப் பனியன் வேஸ்ட்டால் இறுக்கிக் கட்டி, ஆத்தாளுக்கு ஒரு கும்பிடு போட்டு இறங்கினால், காதில் காற்று இரையப் பாதிச் சரிவுக்கு வந்துவிடலாம். அங்கே நடுவில் யானைக்கல் என்று ஒரு பாறை நிற்கும். பாறைக்கு வலப்பக்கம் ஒதுங்கினால் அடிவாரத்தில் பொங்கியண்ணன் என்பவர் கட்டிய வீட்டின் வாசல். இடப்பக்கம் ஒதுங்கினால் ஆட்டுப்பட்டி. ஆட்டுப்பட்டிக்குப் போனவர்களை அன்றைக்கு யாரும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

இப்படி எல்லாமே ஊரோடு ஊராக ஆகிவிட்டது, ஒன்றே ஒன்றைத் தவிர. பூ விழவில்லை.

அந்த ஊரில் ஆத்தாளிடம் பூக் கேட்காமல் எந்தக் காரியமும் நடந்ததில்லை. பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, மாடு மாற்றுவது, எதுவானாலும் கோயிலுக்குப் போய், கேள்வியை மனசில் நினைத்துக்கொண்டு நின்றால், பூசாரி சடையப்பன் ஒரு செவ்வரளிப் பூவை ஆத்தா தலையில் வைப்பார். ஆத்தாளின் வலப்பக்கம் பூ விழுந்தால் ஆகட்டும், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பனி வந்த பிறகு வைத்த பூ வைத்த இடத்திலேயே கல்லோடு கல்லாக உறைந்துபோய் நின்றது. ஆகட்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. நிச்சயம் ஆக வேண்டிய கல்யாணங்கள் அந்தரத்தில் நின்றன. போர்வெல் வண்டிக்காரன் வந்து வந்து திரும்பிப் போனான். அழகுநிலையம் வைத்திருந்த ஒரு மருமகள் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து காற்றடித்ததில் பூக்கள் பொலபொலவென்று வலப்பக்கமாக விழுந்தன, ஊரே கொண்டாடியது, அப்புறம்தான் அவள் மெஷினை இடப்பக்கமிருந்து பிடித்திருக்கிறாள் என்பதைப் பூசாரி பார்த்தார். சூடத்தட்டை எத்தனை நேரம்தான் பக்கத்தில் காட்டுவது, ஆத்தா மூக்கு கறுத்ததுதான் மிச்சம். பனியோடு வாழக் கற்றுக்கொண்ட ஊருக்கு, தானாக ஒரு முடிவு எடுக்க மட்டும் வரவில்லை.

துளசிமணிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, உடம்பும் அதற்கேற்றபடி இருந்தது, மாடிப்படி ஏறினால் முழங்கால் முனகும். பொங்கல் வைத்துவிட்டுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலிலிருந்து இறங்கும்போதுதான் அவள் முதல்முதலாக வழுக்கினாள். மேலே நின்றவர்கள் ஐயோ ஐயோ என்று கத்த, அவள் உட்கார்ந்த வாக்கில், பானையைக் கட்டிப்பிடித்தபடி, சரிவு முழுக்கப் போய் அடிவாரத்தில் நின்றாள். பொங்கல் ஒரு பருக்கை சிந்தவில்லை. ஓடிவந்தவர்கள் பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்து, பானையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி மேலே ஏறப் போய்விட்டாள். அன்றிலிருந்து, வீட்டில் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து, ஒரு சறுக்கு சறுக்கிவிட்டுப் போய் இறக்குவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. முழங்கால் முனகுவதை எப்போது நிறுத்தியது என்று அவள் கவனிக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து யார் யாருக்கோ எழுந்து எழுந்து வேலை செய்தவளுக்கு, கீழே விழுவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அவள் கணவர் நல்லசிவம் வேறு ரகம். பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் கறந்து கொண்டுவரும் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று கருவியை மிதக்கவிட்டுப் பார்த்துப் பார்த்து, எதையுமே ஒரு தடவை மிதக்கவிட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். பனி தொடங்கும் விளிம்பு வரைக்கும் வருவார், தலைமேல் குடையை விரித்துக்கொண்டு நிற்பார், உள்ளே மட்டும் ஒரு காலும் வைக்கமாட்டார். பெண்டாட்டி சறுக்கி வருவதைத் தினமும் அங்கிருந்தே பார்த்து, அவள் எழுந்து நின்ற பிறகுதான் மூச்சு விடுவார்.

அப்படி இருக்கும்போது பொங்கியண்ணன் வீடு விலைக்கு வந்தது.

பொங்கியண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். சரக்கு விஷயமாக வெளிநாடு போனபோது பனிமலைச் சரிவில் பார்த்த வீடுகளைப் போலவே, கூம்புக்கூரையும், ஆசாரம் என்கிற முன்கூடத்துக்கு நடுவில் கணப்பு அடுப்புமாக, சறுக்கிக்கொண்டே வந்து வாசற்படியில் நிற்கிற மாதிரி ஒரு வீட்டைக் கட்டியிருந்தார். துளசிமணி வீட்டைப் பார்க்கப் போனபோது அவர் எதையும் மறைக்கவில்லை.

"அம்மிணி, பொய் சொல்ல மாட்டேன். ஊடு நல்ல ஊடு, ஒரு கோளாறும் இல்லை. ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைச் சனந்தான் தாங்க முடியலை. எனக்கு இருந்தது ரெண்டே ரெண்டு மாமன். ஊடு கட்டி முடிச்ச அன்னைக்கு எங்கிருந்தோ ஒரு டஜன் மாமன் மொளைச்சுட்டாங்க. பாளை கட்டிட்டு வந்து எறங்கறாங்க, சுடுசோறு கேக்கறாங்க, போர்த்திட்டுத் தூங்கறாங்க. நா எப்பங்க சறுக்கறது?"

"அப்பறம் ஆருக்குங்க குடுக்கறீங்க?"

"கோயமுத்தூர்ப் பார்ட்டி ஒண்ணு கேக்குது. சுத்தியும் கம்பிவேலி போட்டு, கேட்டைப் பூட்டி, சறுக்கறதுக்கு டிக்கெட்டுப் போடறதாப் பேச்சு. உங்களுக்கு வேணுமுன்னாச் சொல்லுங்க, நம்ம ஊரு ஆளுக்குக் குடுத்தா எனக்கும் சந்தோசந்தான். வெள்ளிக்கெழமை வெடியால அவிய வர்றதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

சறுக்கு முடிகிற இடம் அந்த வீட்டு வாசல்தான்; அங்கே வேலி வந்தால் போய் நிற்க ஆட்டுப்பட்டியைத் தவிர வேறு இடமில்லை. டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற தன்னைத் துளசிமணி நினைத்துப் பார்த்தாள், இட்லிக் கொப்பரை அதுவரைக்கும் தாங்காது. வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கூம்புக்கூரை ஊட்டை நாம வாங்கிப் போடலாமுங்களா?"

நல்லசிவம் ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். வாங்குவதற்கு வழி இல்லாமல் இல்லை. பைபாஸ் ரோட்டுக்குக் கொடுத்த தோட்டத்துப் பணம் அப்படியே கிடந்தது. "அம்மிணி, அந்தப் பனி ஆரையும் கேட்டுட்டு வரலை. போறப்பவும் ஆரையும் கேக்காது. நாளைக்கே போயிருச்சுன்னா, வெயில்ல அந்தக் கூரையும் கணப்பு அடுப்பையும் வெச்சுட்டு நாம என்ன பண்றது?"

"போற வரைக்கும் சறுக்கலாமுங்க."

விருந்துக்கு வந்திருந்த நல்லசிவத்தின் அக்கா கண்ணாத்தாள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "வாங்கறதுல தப்பில்லை. எத்தனை ரூம்பு அதுல?" என்றாள்.

"நாலு ரூம்புங்க நங்கை."

"அப்படின்னா எனக்குக் கெழக்குப் பாத்த ரூம்பு. மேக்கே சாரல் அடிக்கும்."

இப்படியாக வீடு வாங்குவதற்கு முன்பே ஒறம்பரை வந்து இறங்கிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன் போனில், "இந்த வயசுல ரெண்டு பேரும் காலை ஒடைச்சுக்காதீங்க" என்றான். நல்லசிவம் சாதகத்தையும் பாதகத்தையும் நாலு நாள் தராசில் போட்டுப் போட்டு எடுத்தார். ஒரு தட்டு இறங்கினால் இன்னொன்றில் ஏதாவது கொஞ்சம் சேர்த்தார். கடைசியில் அந்த ஊரில் யாராயிருந்தாலும் என்ன சொல்வார்களோ அதைத்தான் அவரும் சொன்னார்.

"ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாப்போம்."

"இப்பத்தான் பூ உழுகறதில்லையேங்க!"

"உழுந்தா வாங்குவோம். உழுகலைன்னா ஆத்தாளுக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம்."

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ஊரில் பாதி கோயிலில் கூடிவிட்டது. வெகுநாளாக யாருமே பூக் கேட்காததால், பார்க்கிற ஆசை எல்லாருக்கும் இருந்தது. நல்லசிவம் பனியைத் தொடாமல் கிழக்குப் பக்கத்துப் படிவழியாகச் சுற்றி ஏறி வந்து, குடையையும் புதுத் தோல்செருப்பையும் வாசலில் விட்டார். அடிவாரத்தில் கோயமுத்தூர்ப் பார்ட்டியின் கார் வந்து நின்றது மேலிருந்தே தெரிந்தது. அவர்களுக்காகப் பொங்கியண்ணன் வீட்டு கேட் அகலத் திறந்து கிடந்தது.

பூசாரி சடையப்பன் திருநீறு பூசி, கேட்க வந்தவர் காதில் செருகும் வழக்கப்படி ஆத்தா காலடியிலிருந்து ஒரு செவ்வரளியை எடுத்து நல்லசிவத்தின் காதில் செருகிவிட்டு, இன்னொன்றை ஆத்தா தலையில் வைத்தார். எல்லாரும் பார்த்தார்கள். பூ நின்றது. பூசாரி மணியடித்தார். பூ நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள், ஒருத்தர் கனைத்துப் பார்த்தார், ஒரு குழந்தை தும்மியது, இந்த அதிர்வுக்காவது அசையாதா என்று எல்லாரும் எக்கி எக்கிப் பார்த்தார்கள். பூவின்மேல் மெல்லிசாக ஒரு கண்ணாடித் தோல் படிந்ததே தவிர, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"அவ்வளவுதான்," என்று நல்லசிவம் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தாளுக்கு இஷ்டமில்லை."

துளசிமணிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அவள் கணவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, அன்றைக்குப் பேசினாள்.

"நா உங்ககிட்ட நகை கேட்டனுங்களா, பட்டுச்சீலை கேட்டனுங்களா? பயமில்லாமக் கீழ உழுகறதுக்கு ஒரு எடம் கேட்டனுங்க. அத்தனையேதான். அதுக்குப் போயி, வாய் தெறக்க முடியாமக் குளுருல நடுங்கிட்டிருக்கற ஆத்தா மேல பழியைப் போடறீங்களே!"

நல்லசிவத்துக்கு முகம் சிறுத்துப்போயிற்று. விறுவிறுவென்று வெளியே வந்து, அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு, வந்த வழியென்று நினைத்து மேற்கே ஓரடி எடுத்து வைத்தார்.

புதுத் தோல்செருப்பு பனியைக் கண்டதில்லை. ஆளைக் காணோம்.

"ஐயோ, மாமா!" என்று துளசிமணி அலறிக்கொண்டு ஓடிவந்தாள், அவள் பின்னால் ஊரே வந்து விளிம்பில் நின்றது. உட்கார்ந்த வாக்கில், விரித்த குடையைக் கையில் பிடித்தபடி, வேட்டி பின்னால் பறக்க, நல்லசிவம் போய்க்கொண்டிருந்தார். யானைக்கல்லை நோக்கி நேராகப் போனார். "கல்லு! கல்லு!" என்று எல்லாரும் கத்தினார்கள். கல்லுக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது குடையில் ஒரு காற்று பிடித்தது. குடை அவரை இழுத்துக்கொண்டு வலப்பக்கமாக ஒதுங்கியது. திறந்து கிடந்த கேட்டுக்குள் நுழைந்து, மெத்தென்று, வாசற்படியில் போய் முட்டி நின்றது. கோயமுத்தூர்ப் பார்ட்டிக்காரர்கள் காரிலிருந்து இறங்கி இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் வாய் திறந்தது பூசாரிதான். "காதுல பூ இருந்துச்சே!" என்றார். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினார். "ஆத்தா குடுத்த பூவு! வலப்பக்கம் உழுந்திருச்சு! ஆகட்டும்னு சொல்லிட்டா ஆத்தா!"

குலவைச் சத்தம் கரட்டைப் பிளந்தது. கீழே இருந்து கோயமுத்தூர்க்காரர் ஒருவர், "நாங்க நிக்கற எடத்துல இருந்து பாத்தா அது இடப்பக்கமுங்க!" என்று நியாயம் கேட்டார். "வாக்குச் சொல்றது நீங்களா ஆத்தாளா? வலது கை அவளோடது!" என்று மேலிருந்து ஊரே ஒரே குரலில் பதில் சொன்னது, அதற்குமேல் அவர்களுக்குப் பேச ஒன்றும் இல்லை.

இதெல்லாம் துளசிமணி காதில் விழவில்லை. பாளையைக் கட்டாமலே உட்கார்ந்து வழுக்கி வந்து, வாசற்படியில் கிடந்தவரைத் தூக்கி உட்காரவைத்து, கையைக் காலை அமுக்கிப் பார்த்தாள்.

"எங்கீங்க அடிபட்டுது? ஏதாச்சும் பேசுங்க. நா கேட்டது தப்புங்க, ஊடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், பேசுங்க."

நல்லசிவத்தின் மீசையெல்லாம் பனி. கண் விரிந்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார், என்னமோ வலி என்று அவள் பயந்தாள், பார்த்தால் அவர் சிரிக்கிறார். சத்தமே வராமல் உடம்பு முழுக்கச் சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"துளசி," என்றார் கடைசியில். "இத்தனை நாளா இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே."

"தெனமும் சொன்னனுங்களே!"

"சொன்னியா?" என்று யோசித்தார். "செரி, அந்தப் பாளை எங்கிருக்குது?"

வீட்டை வாங்கினார்கள். பால் காய்ச்சினார்கள், பால் பொங்கியது. கண்ணாத்தாள் கிழக்குப் பார்த்த அறையில் பெட்டியை வைத்தாள். ஊருக்குத் தொலைந்துபோன வாக்கும் திரும்பக் கிடைத்துவிட்டது, எப்படியென்றால், இனிமேல் ஆத்தா தலையில் பூ வைப்பதில்லை, கேட்கிறவர் காதில் பூவைச் செருகிக் கோயில் வாசலிலிருந்து சரிவில் தள்ளிவிடுவது என்று பூசாரி ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளை வேண்டுமா என்று கேட்டுப் பெண்கள் சறுக்கினார்கள், கிணறு வெட்டலாமா என்று கேட்டு விவசாயிகள் சறுக்கினார்கள். வேண்டாம் என்ற பதிலெல்லாம் ஆட்டுப்பட்டியில் போய் விழுந்து ஆடுகளிடம் முட்டு வாங்க, ஆகட்டும் என்ற பதிலெல்லாம் துளசிமணியின் வாசலில் வந்து இறங்கிற்று. இறங்கினவர்களைச் சும்மாவா அனுப்ப முடியும், சுடச்சுடக் காப்பியும் ஒரு வாய் கேசரியும் கொடுத்து அனுப்பினாள். பொங்கியண்ணன் சொன்ன ஒறம்பரை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவளுக்கு அது கஷ்டமாகவும் தெரியவில்லை, ஏனென்றால் அழுமூஞ்சியோடு ஒருத்தரும் அந்த வாசலுக்கு வருவதில்லை. பொங்கியண்ணனும் அடிக்கடி வந்தார், இப்போது அவரும் ஒறம்பரை என்பதால் நிம்மதியாகச் சறுக்கிவிட்டு, சுடுசோறு கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனால் எல்லாரையும்விட அதிகமாக ஆத்தாளைத் தொந்தரவு செய்தது நல்லசிவம்தான். எதையும் மிதக்கவிட்டுப் பார்க்காமல் நம்பாத மனுஷன், இப்போது எதையும் ஆத்தாளைக் கேட்டுவிட்டே செய்தார். இன்றைக்குக் கத்தரிக்காய் வாங்குவதா அவரைக்காய் வாங்குவதா, சவரம் செய்வதா வேண்டாமா, இன்னொரு காப்பி குடிக்கலாமா, எல்லாவற்றுக்கும் காதில் பூவோடு ஏறிப்போய்ச் சறுக்கி வந்தார். "இதெல்லாம் ஆத்தாகிட்டக் கேக்கற சோலிங்களா?" என்று துளசிமணி திட்டினால், "பெரிய விசயத்துக்கு மட்டும் போனா அவளுக்கும் வருத்தமா இருக்குமல்ல" என்பார்.

ஒரு நாள் காலையில் அவள் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். ஆட்டுவாடை அடித்தது. ஸ்வெட்டரில் புழுக்கையும் வைக்கோலும் ஒட்டியிருந்தன, காதில் இருந்த பூவை ஏதோ ஒரு ஆடு பாதி கடித்திருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எடப்பக்கம் உழுந்தீங்களா? அப்படி என்னத்தைக் கேட்டீங்க?"

நல்லசிவம் சன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தார். வெயில் பட்டு அது பளபளவென்று கிடந்தது.

"இந்தப் பனி எப்பவும் இருக்குமான்னு கேட்டேன்."

துளசிமணியும் சரிவைப் பார்த்தாள். அடுப்பில் கொப்பரை ஆவி விடத் தொடங்கியது. அதற்குள் அவர் குனிந்து, மூலையில் கிடந்த பாளைகளை எடுத்துத் தோளில் போடச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்திருந்தார்.

"என்னுங்க பண்றீங்க? அதான் ஆத்தா சொல்லிட்டாளே!"

"அது கெடக்குது," என்றார் நல்லசிவம், பனியன் வேஸ்ட்டை இழுத்து முடிச்சுப் போட்டபடி. "ஒருக்காத்தான கேட்டிருக்கேன். மறுக்காக் கேட்டுட்டு வர்றேன்."

துளசிமணி அடுப்பை அணைத்தாள். "இருங்க," என்றாள், தன் பாளையைத் தேடிக்கொண்டே. "நானும் வர்றேன்."